குடும்பத்திற்குக் கிரீமி சிக்கன் பாஸ்தா: முதன்முறை சமைப்பவருக்கான முழுமையான வழிகாட்டி

கிரீமி சிக்கன் பாஸ்தாவில் தனியாக எடுத்துப் பார்த்தால் கடினமான வேலை என்று எதுவும் இல்லை. பாஸ்தாவை வேகவைப்பதும், கோழியைச் சிவக்க வாட்டி எடுப்பதும், பாலும் கிரீமும் சேர்த்து ஒரு சாஸ் காய்ச்சுவதும் யாருக்கும் கைவரக்கூடியவைதான். முதன்முறை செய்பவர்கள் தடுமாறுவது இந்த மூன்றும் ஒன்றுசேரும் கடைசி ஐந்து நிமிடங்களில். பாஸ்தா முன்கூட்டியே வெந்து வடிகட்டியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். சாஸ் இன்னும் தயாராகியிருக்காது. அவசரத்தில் தீயைக் கூட்டினால் கிரீம் திரிந்துபோகும். அதற்குள் கோழி ஆறி இறுகிவிடும். எனவே பொருள்களின் அளவைவிட வேலைகளின் வரிசைக்கும் தீயின் அளவுக்கும் இந்த வழிகாட்டியில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். சாஸ் பாஸ்தாவுக்காகக் காத்திருக்கலாம், ஆனால் பாஸ்தா சாஸுக்காகக் காத்திருக்கக் கூடாது என்ற ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமாக அமைந்துவிடும்.

இன்று உணவகங்களில் 'சிக்கன் ஆல்ஃபிரடோ' என்ற பெயரில் கிடைக்கும் உணவுக்கும் நாம் செய்யப்போவதற்கும் நெருங்கிய உறவு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோம் நகரில் ஆல்ஃபிரடோ டி லேலியோ என்ற உணவக உரிமையாளர் பெயர்பெறச் செய்த ஃபெட்டுசீனி என்ற நீண்ட, பட்டையான பாஸ்தா உணவில் கிரீமும் இல்லை, கோழியும் இல்லை. சூடான பாஸ்தா, வெண்ணெய், பார்மெசான் சீஸ், பாஸ்தா வெந்த நீர் ஆகியவற்றைக் கலந்தே அந்த வழவழப்பைக் கொண்டுவந்தார்கள். கிரீமும் கோழியும் அமெரிக்காவுக்குப் போன பிறகு சேர்ந்துகொண்டவை. இந்த வரலாறு சமையலுக்கும் பயன்படும். வழவழப்பைத் தருவது கிரீம் மட்டுமே என்று எண்ணி அதை அளவுக்கு மேல் ஊற்றுபவர்கள், பாஸ்தா வெந்த நீரை முழுவதுமாகக் கழிநீர்த் தொட்டியில் கொட்டிவிடுகிறார்கள். அந்த நீரில் கரைந்திருக்கும் மாவுச்சத்துதான் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் பிணைத்து, சாஸைப் பாஸ்தாவின் மேல் ஒட்டவைக்கிறது.

நான்கு பேருக்குத் தேவையானவை

- பென்னே அல்லது ஃபுசில்லி பாஸ்தா – 350 கிராம்
- எலும்பில்லாத கோழிக்கறி – 500 கிராம்
- ஃப்ரெஷ் கிரீம் – 200 மி.லி.
- கொழுப்பு நீக்காத பால் – 250 மி.லி.
- துருவிய சீஸ் – 70 கிராம்
- வெண்ணெய் – 2 மேசைக்கரண்டி
- எண்ணெய் – 2 மேசைக்கரண்டி
- மைதா – 1 மேசைக்கரண்டி
- நடுத்தர அளவு வெங்காயம் – 1
- பூண்டு – 8 பல்
- ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு – 1 தேக்கரண்டி
- சில்லி ஃப்ளேக்ஸ், ஓரிகானோ – தலா அரைத் தேக்கரண்டி
- எலுமிச்சை – அரை மூடி
- உப்பு – கோழிக்கு முக்கால் தேக்கரண்டி, பாஸ்தா நீருக்கு ஒன்றரை மேசைக்கரண்டி
- விருப்பமிருந்தால் ஒரு கைப்பிடி பச்சைப் பட்டாணி, காளான் அல்லது பசலைக்கீரை

பாத்திரங்களில் இரண்டு மட்டும் முக்கியம். ஐந்து லிட்டர் கொள்ளும் ஓர் ஆழமான பாத்திரம் பாஸ்தாவுக்கு வேண்டும். கோழிக்கும் சாஸுக்கும் அடிகனமான, அகலமான வாணலி ஒன்று வேண்டும். வெந்த பாஸ்தா முழுவதும் இறுதியில் இதற்குள்தான் வரப்போகிறது என்பதால் சிறிய வாணலியை எடுத்தால் கிளறும்போது பாதி அடுப்பின் மேல் சிந்தும். உங்களிடம் பெரிய வாணலி இல்லையென்றால் பிரியாணிக்குப் பயன்படுத்தும் அகன்ற பாத்திரமே போதுமானது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பாஸ்தா பாக்கெட்டின் பின்புறத்தில் உட்பொருள் என்ற இடத்தைப் படியுங்கள். டூரம் கோதுமை ரவையில் செய்ததாக அச்சிட்டிருந்தால் அதையே வாங்குங்கள். டூரம் கடினமான கோதுமை; அதில் புரதம் மிகுதி என்பதால் அந்தப் பாஸ்தா கொதிநீரிலும் பிறகு சாஸிலும் தன் வடிவத்தை இழக்காது. மைதா பாஸ்தா விலை குறைவுதான் என்றாலும், ஒரு நிமிடம் கூடுதலாக வெந்தால் குழைந்துவிடும். முதன்முறை சமைப்பவருக்கு அந்த ஒரு நிமிடச் சலுகை மிகவும் தேவை. வடிவத்தைப் பொறுத்தவரை, வரியோடிய பென்னேயோ திருகலான ஃபுசில்லியோ எடுத்துக்கொள்வது நல்லது. அவற்றின் பள்ளங்களில் சாஸ் தங்கும்; குழந்தைகளும் பெரியவர்களும் கரண்டியாலேயே எடுத்துச் சாப்பிடலாம். ஸ்பகெட்டி போன்ற நீண்ட வகைகளைக் கிரீம் சாஸில் சீராகக் கலக்கச் சற்றுக் கைப்பழக்கம் வேண்டும்.

கோழியில் நெஞ்சுக்கறி, தொடைக்கறி இரண்டும் பொருந்தும். நெஞ்சுக்கறி பார்வைக்கு அழகாக இருக்கும், ஆனால் கொழுப்புக் குறைவு என்பதால் கொஞ்சம் கூடுதலாக வெந்தாலே நார்நாராக வறண்டுவிடும். எலும்பு நீக்கிய தொடைக்கறி மன்னிக்கும் குணமுடையது. இரண்டு மூன்று நிமிடம் தவறினாலும் சாறு வற்றாது. இதற்கு முன் எலும்பில்லாத கோழியைச் சமைத்ததே இல்லை என்பவர்கள் தொடைக்கறியில் தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

கிரீம் விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. நம் கடைகளில் ஃப்ரெஷ் கிரீம் என்று காகித அட்டைப் பெட்டியில் விற்கப்படுவதில் கொழுப்பு பெரும்பாலும் 25 சதவீதம் அளவில் இருக்கும். வெளிநாட்டுச் சமையல் குறிப்புகள் சொல்லும் கிரீமில் 35 சதவீதத்துக்கு மேல் இருக்கும். கொழுப்பு மிகுந்த கிரீம் தளதளவென்று கொதித்தாலும் எளிதில் திரியாது. குறைந்த கொழுப்புள்ள நம் கிரீம் அந்தச் சூட்டைத் தாங்காது. நம் குறிப்பில் மைதா இடம்பெறுவது இதற்காகவே. ஒரு மேசைக்கரண்டி மைதா சாஸைக் கெட்டியாக்குவதோடு, பால் புரதங்கள் ஒன்றோடொன்று திரண்டு திப்பிதிப்பியாகாமலும் தடுக்கிறது. வெளிநாட்டில் வசிப்பவர்கள் கொழுப்பு மிகுந்த கிரீம் வாங்க முடிந்தால் மைதாவை விட்டுவிடலாம்.

சீஸாகப் பார்மெசான் கிடைத்தால் சுவை உயரும். கிடைக்காவிட்டாலும் கவலை இல்லை, நம் ஊர்ப் பிராசஸ்டு சீஸ் கட்டிகளைத் துருவிப் போட்டாலும் சாஸ் நன்றாக வரும். அவற்றில் சேர்க்கப்படும் உப்புகள் சீஸை ஒரே சீராக உருகச் செய்வதால், புதியவர்களுக்கு அது ஒருவகையில் வசதியும்கூட. அவற்றில் உப்புச்சுவை கூடுதல் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பொட்டலத்தில் ஏற்கெனவே துருவி விற்கப்படும் சீஸைத் தவிர்க்கலாம். துருவல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதன் மேல் தூவப்படும் மாவு, சாஸைச் சொரசொரப்பாக்கும்.

கோழியைத் தயார்செய்தல்

நம் வீடுகளில் கோழியை மஞ்சள்தூள் போட்டு இரண்டு மூன்று தண்ணீரில் அலசுவது வழக்கம். குழாயைத் திறந்துவிட்டு அலசும்போது தெறிக்கும் நீர்த்துளிகள், பச்சைக் கறியில் இருக்கும் கிருமிகளை மேடைக்கும் பக்கத்தில் கழுவி வைத்த தட்டுகளுக்கும் கொண்டுபோகும் என்பதால், பச்சைக் கோழியைக் கழுவ வேண்டாம் என்றே உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் அறிவுறுத்துகின்றன. முறையாக வேகவைக்கும் சூடு அந்தக் கிருமிகளை அழித்துவிடும். அலசாமல் சமைக்க மனம் ஒப்பவில்லை என்றால், ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிக் கோழியை மெதுவாக அமிழ்த்தி எடுங்கள். பிறகு தொட்டியையும் கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கோழி நறுக்கிய பலகையில், கழுவாமல் வெங்காயமோ கொத்தமல்லியோ நறுக்காதீர்கள்.

நெஞ்சுக்கறியாக இருந்தால் அது ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் இருப்பதைக் காண்பீர்கள். அப்படியே வாணலியில் போட்டால் மெலிந்த பகுதி வறண்டபின்தான் தடித்த பகுதி வேகும். கறியைப் பலகையில் வைத்து, மேலே உள்ளங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கத்தியைப் படுக்கைவாட்டில் செலுத்தி இரண்டு தகடுகளாகப் பிளந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் கனம் இருந்தால் போதும். தொடைக்கறியை விரித்துவிட்டாலே ஏறக்குறைய அந்தக் கனம்தான் இருக்கும். சிறு துண்டுகளாக இப்போதே நறுக்கிவிட வேண்டாம். சிறிய துண்டுகள் வாணலியில் நீர் விட்டு வேகுமே தவிரச் சிவக்காது. முழுத் தகடாக வாட்டிவிட்டுப் பிறகு நறுக்கினால் உள்ளே சாறு நிற்கும்.

முக்கால் தேக்கரண்டி உப்பையும் அரைத் தேக்கரண்டி மிளகையும் கறியின் இருபுறமும் தடவி அரை மணி நேரம் வையுங்கள். உப்பு முதலில் கறியிலிருந்து நீரை வெளியே இழுக்கும். பிறகு அந்த உப்புநீரையே கறி உள்ளிழுத்துக்கொள்ளும். அதனால் மேலே மட்டும் கரிக்காமல் உள்ளேயும் உப்புச் சாரும். வாணலியில் போடுவதற்குச் சற்று முன்பு டிஷ்யூ காகிதத்தால் மேற்பரப்பை ஈரமில்லாமல் ஒற்றி எடுங்கள். இதைத் தவிர்த்துவிடாதீர்கள். ஈரம் இருக்கும் வரை கறியின் மேற்பரப்பு நீரின் கொதிநிலையான 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் வறுத்த மணமும் வருவதற்கு ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும்.

இஞ்சிபூண்டு விழுது, கரம் மசாலா, மிளகாய்த்தூள் ஆகியவற்றை இதில் சேர்ப்பவர்கள் உண்டு. என் கருத்து, வேண்டாம் என்பதே. பாலும் சீஸும் மென்மையான சுவையுடையவை. பட்டை, கிராம்பின் வாசம் அவற்றை முழுதாக மூடிவிடும். காரம் வேண்டுமென்றால் மிளகைக் கூட்டுங்கள், அது கிரீமுடன் நன்றாக இணங்கும்.

முதல் அடுப்பில் தண்ணீர்

மூன்றரை லிட்டர் தண்ணீரை ஆழமான பாத்திரத்தில் ஊற்றி, மூடிபோட்டு முதலில் அடுப்பில் ஏற்றிவிடுங்கள். வீட்டு எரிவாயு அடுப்பில் இவ்வளவு தண்ணீர் கொதிப்பதற்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அந்த நேரத்தில் வெங்காயத்தையும் பூண்டையும் பொடியாக நறுக்கி, சீஸைத் துருவி, பாலையும் கிரீமையும் அளந்து, குளிர்ச்சி போக வெளியே வைத்துவிடலாம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கிரீமை அப்படியே சூடான வாணலியில் ஊற்றினால் திரியும் வாய்ப்பு அதிகம். அடுப்பைப் பற்றவைத்த பிறகு நறுக்கவோ துருவவோ நேரம் இருக்காது என்பதால், எல்லாப் பொருள்களும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் கொதித்ததும் ஒன்றரை மேசைக்கரண்டி உப்புப் போடுங்கள். இவ்வளவு உப்பா என்று தோன்றும், ஆனால் அதில் பெரும்பகுதி நீரோடு வெளியேறிவிடும். வேகும் நேரத்தில் பாஸ்தாவுக்குள் ஏறாத உப்பை, பிறகு சாஸில் எவ்வளவு கூட்டினாலும் ஈடுசெய்ய முடியாது. இத்தாலிய வழக்கில் ஒரு லிட்டருக்குப் பத்து கிராம் உப்புச் சேர்ப்பார்கள். இங்கே அளவைச் சற்றுக் குறைத்திருப்பதற்குக் காரணம், அந்த நீரில் ஒரு பங்கைச் சாஸிலும் சேர்க்கப்போகிறோம், சீஸிலும் உப்பு இருக்கிறது என்பதுதான். எண்ணெய் ஊற்றத் தேவையில்லை. அது நீரின் மேல் மிதந்து, வடிக்கும்போது பாஸ்தாவின் மேல் படிந்து, சாஸை வழுக்கச் செய்துவிடும். பாஸ்தாவை இப்போதே போடாதீர்கள். தீயைக் குறைத்து, நீர் மெல்லக் கொதித்துக்கொண்டிருக்கும்படி மூடி வையுங்கள்.

இரண்டாம் அடுப்பில் கோழி

வாணலியை மிதமான தீயில் இரண்டு நிமிடம் காயவிட்டு, எண்ணெய் ஊற்றுங்கள். எண்ணெய் மினுமினுத்து, வாணலியைச் சாய்த்தால் நீர்போல ஓடும் நிலை வந்ததும், கோழித் தகடுகளை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். எண்ணெய் தெறித்தாலும் கைமேல் படாது. போட்டவுடன் சொய்யென்ற ஓசை கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் வாணலி காயவில்லை என்று பொருள். தகடுகள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டிருந்தால் நீராவி வெளியேற வழியில்லாமல் கறி அவிந்துவிடும். இடம் போதாவிட்டால் இரண்டு தடவையாக வாட்டுங்கள்.

இனி நான்கு நிமிடம் அதைத் தொடாதீர்கள். புதியவர்கள் அனைவருக்கும் உடனே புரட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். சிவக்காத கறி வாணலியில் ஒட்டிக்கொண்டிருக்கும். சிவந்ததும் தானாக விட்டுக்கொடுக்கும். ஓரத்தை இடுக்கியால் லேசாகத் தூக்கும்போது எளிதாக எழும்பி வந்தால் திருப்பிப்போடும் நேரம் வந்துவிட்டது. மறுபுறமும் நான்கு நிமிடம் போதும். உணவு வெப்பமானி வைத்திருப்பவர்கள் தடித்த பகுதியின் நடுவில் குத்திப் பார்த்து 74 டிகிரி செல்சியஸ் காட்டுகிறதா என்று உறுதிசெய்யலாம். மற்றவர்கள் மிகத் தடிப்பான துண்டை நடுவில் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பு இல்லாமல் முழுக்க வெளுத்திருக்க வேண்டும், கசியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும்.

வெந்த கோழியைச் சுத்தமான தட்டுக்கு மாற்றி ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். பச்சைக் கறி வைத்திருந்த தட்டை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. வாணலியைக் கழுவிவிடாதீர்கள். அதன் அடியில் பழுப்பு நிறத்தில் ஒட்டியிருக்கும் படலம்தான் சாஸுக்குக் கறிச்சுவையைத் தரப்போகிறது. அது கறுத்துக் கருகியிருந்தால் மட்டும் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

சாஸும் பாஸ்தாவும் ஒரே ஓட்டத்தில்

இங்கிருந்து முடிவு வரை சுமார் கால் மணி நேரம். யாராவது அழைத்தால்கூட அடுப்பைவிட்டு நகராதிருப்பது நல்லது.

தீயைக் குறைத்து, வெண்ணெயை வாணலியில் போட்டு, உருகியதும் வெங்காயத்தைச் சேர்த்து, கண்ணாடிபோல் ஆகும் வரை நான்கு நிமிடம் வதக்குங்கள். குழம்புக்கு வதக்குவதுபோல் பொன்னிறமாக்க வேண்டாம். சாஸின் வெண்மை கெடும். வெங்காயத்தின் ஈரத்தில் அடியிலிருக்கும் பழுப்புப் படலம் இளகத் தொடங்கும். மரக்கரண்டியால் சுரண்டிக் கலந்துவிடுங்கள். காளான் சேர்ப்பதானால் வெங்காயத்துக்கு முன்பே போட்டு, அதன் நீர் முழுதும் வற்றும்வரை தனியாக வதக்கி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அந்த நீர் சாஸைச் சாம்பல் நிறமாக்கி நீர்க்கச் செய்யும்.

வெங்காயம் வதங்கியதும் இரண்டு வேலைகளை அடுத்தடுத்துச் செய்ய வேண்டும். பக்கத்து அடுப்பின் தீயைக் கூட்டி, தளதளவென்று கொதிக்கும் நீரில் பாஸ்தாவைக் கொட்டி, அடியில் ஒட்டாமல் நன்றாகக் கிளறிவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே வாணலிக்குத் திரும்பிப் பூண்டைப் போடுங்கள். பாக்கெட்டில் 11 நிமிடம் என்று போட்டிருந்தால் நாம் 9 நிமிடத்தில் எடுத்துவிடப் போகிறோம். மீதி இரண்டு நிமிடம் பாஸ்தா சாஸுக்குள் வேகும். நடுநடுவே ஓரிரு முறை அதைக் கிளறிவிடுவதைத் தவிர அதற்கு வேறு கவனிப்பு தேவையில்லை.

பூண்டு வாசம் வர ஒரு நிமிடம் போதும். நிறம் மாறினால் கசக்கும். மைதாவைத் தூவி, வெண்ணெயோடு கலந்து, பச்சை வாசனை போகும்வரை இன்னொரு நிமிடம் வறுங்கள். இப்போது பாலை முதலில் கால் கோப்பை அளவு மட்டும் ஊற்றிக் கிளறுங்கள். மாவு அதை உறிஞ்சி விழுதாகத் திரளும். அது வழவழப்பானதும் இன்னும் கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம் என்று ஊற்றிக்கொண்டே கிளறினால் கட்டி விழாது. மொத்தப் பாலையும் ஒரே தடவையில் ஊற்றுபவர்களின் சாஸில்தான் மாவு உருண்டைகள் மிதக்கும். பால் முழுதும் சேர்ந்து, லேசாகக் குமிழிட்டு, மூன்று நிமிடத்தில் கெட்டிப்படத் தொடங்கும்.

தீயைச் சிம்மில் வைத்துவிட்டுக் கிரீமை ஊற்றுங்கள். மீதி மிளகு, சில்லி ஃப்ளேக்ஸ், ஓரிகானோ சேர்த்துக் கிளறுங்கள். இனி இந்தச் சாஸ் கொதிக்கவே கூடாது. ஓரங்களில் சிறு குமிழிகள் எழுந்தால் அதுவே எல்லை. பதம் பார்க்க, மரக்கரண்டியைத் தோய்த்தெடுத்து அதன் பின்புறத்தில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோட்டின் இரு கரைகளும் வழிந்து சேராமல் நின்றால் சரியான பதம். மோரைவிடக் கெட்டியாகவும் இட்லி மாவைவிடத் தளர்வாகவும் இருக்கும். பாஸ்தா வெந்துமுடியச் சற்று நேரம் இருந்தால் தீயை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். ஆடை படியாமல் ஒருமுறை கிளறினால் போதும்.

பாஸ்தாவை எட்டாவது நிமிடத்திலிருந்தே ஒன்றிரண்டு எடுத்துக் கடித்துப் பாருங்கள். வெளியே மென்மையாகவும், கடிவாயில் நடுவே ஊசிமுனை அளவு வெண்புள்ளி தெரியும்படியும் இருந்தால் இறக்கும் பதம். ஒரு பெரிய குவளையால் பாஸ்தா வெந்த நீரை முதலில் எடுத்துத் தனியே வைத்துவிட்டு, அதன்பிறகே வடிகட்டுங்கள். வடிகட்டிய பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை. வடித்த பாஸ்தாவைக் குழாய்நீரில் அலசக் கூடாது. அலசினால் சாஸைப் பிடித்துக்கொள்ளும் மாவுச்சத்து போய்விடும்.

நீர் முழுதும் சொட்டுவதற்குக் காத்திராமல் பாஸ்தாவை நேராகச் சாஸில் கொட்டி, எடுத்து வைத்த நீரில் அரைக் குவளை ஊற்றி, சிறு தீயில் இரண்டு நிமிடம் அடியிலிருந்து மேலாகப் புரட்டிப் புரட்டிக் கலக்குங்கள். தொடக்கத்தில் சாஸ் நீர்த்துப்போனதுபோல் தெரியும்; பயந்து தீயைக் கூட்டாதீர்கள். பாஸ்தா அந்த நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மாவுச்சத்து சாஸை இறுக்கிக்கொண்டே வரும். பட்டாணியோ கீரையோ, வதக்கி வைத்த காளானோ சேர்ப்பதானால் இந்த இரண்டு நிமிடத்தில் போட்டுவிடலாம். பட்டாணி முன்பே வெந்ததாக இருக்க வேண்டும், கீரை இந்தச் சூட்டிலேயே சுருண்டுவிடும்.

அடுப்பை அணையுங்கள். சீஸை மூன்று பங்காகப் பிரித்துத் தூவி, ஒவ்வொரு முறையும் உருகும்வரை கலக்குங்கள். சூடு மிகுந்தால் சீஸின் புரதம் இறுகி நூல்நூலாகத் திரண்டு எண்ணெய் பிரியும் என்பதால்தான் அடுப்பை அணைத்த பிறகு சேர்க்கிறோம். ஆறிய கோழியை நாருக்குக் குறுக்காக விரல் அகலத் துண்டுகளாக நறுக்கி, தட்டில் தேங்கிய சாறு உட்பட எல்லாவற்றையும் சேருங்கள். கடைசியாக அரை மூடி எலுமிச்சையில் பாதியைப் பிழிந்து, உப்பு ருசி பாருங்கள். எலுமிச்சையை இதற்கு முன் எந்தக் கட்டத்திலும் சேர்க்கக் கூடாது, அடுப்பின் சூட்டில் அது பாலைத் திரித்துவிடும். கடைசியில் விழும் சில துளிகள் கிரீமின் கனத்தைக் குறைத்து, அடுத்த கவளத்துக்கு நாவைத் தயார்படுத்தும்.

பரிமாறும் வேளையில் சாஸ் நீங்கள் விரும்புவதைவிடச் சற்றுத் தளர்வாகவே இருக்கட்டும். அடுப்பங்கரையிலிருந்து கூடத்துக்குப் போய் எல்லோரும் உட்காருவதற்குள் அது இன்னும் இறுகிவிடும். எனவே வீட்டாரை உட்காரவைத்துவிட்டே சீஸைச் சேருங்கள்.

ஏதேனும் பிசகினால்

சாஸ் திரிந்து துகள்துகளாகத் தெரிந்தால் உடனே அடுப்பிலிருந்து இறக்கி, எடுத்து வைத்த பாஸ்தா நீரை ஒவ்வொரு மேசைக்கரண்டியாக விட்டு வேகமாக அடித்துக் கலக்குங்கள். தொடக்க நிலையில் பிடித்துவிட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும். மாவுக்கட்டி விழுந்திருந்தால், பாஸ்தா சேர்ப்பதற்கு முன்பாக இருக்கும்பட்சத்தில், சாஸை ஒரு வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் தேய்த்து எடுத்துவிடலாம். வெங்காயமும் பூண்டும் தங்கிவிடும், ஆனால் அவற்றின் சுவை சாஸில் ஏறியிருக்கும். உப்புக் கூடிவிட்டால் வெந்நீரை ஊற்றாமல், வெதுவெதுப்பான பாலையோ மீதமுள்ள கிரீமையோ சேர்த்து நிதானப்படுத்துங்கள். கோழி உள்ளே வேகவில்லை என்பது நறுக்கும்போதுதான் தெரிந்தது என்றால், அந்தத் துண்டுகளைத் தனிச் சட்டியில் இரண்டு நிமிடம் முழுமையாக வேகவைத்த பிறகே கலக்க வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஏற்றபடி

சிறு குழந்தைகள் இருந்தால் சில்லி ஃப்ளேக்ஸைச் சாஸில் போடாமல் மேசையில் வைத்துவிடுங்கள். பல் தளர்ந்த பெரியவர்களுக்குப் பாஸ்தாவைக் கூடுதலாக இரண்டு நிமிடம் வேகவைத்துத் தனியாக எடுத்துக் கலந்து தரலாம்; கடிப்பதம் என்பது இத்தாலியர் விருப்பம், அதை எல்லோர் மேலும் திணிக்க வேண்டியதில்லை. புலால் உண்ணாத ஒருவர் இருந்தால் கோழியை வேறொரு வாணலியில் வாட்டி, கடைசியில் மற்றவர்கள் தட்டில் மட்டும் வையுங்கள். அப்போது பழுப்புப் படலத்தின் சுவை சாஸுக்குக் கிடைக்காது என்பதால் காளான் வதக்கிச் சேர்த்தால் அந்தக் குறை தெரியாது. அசல் பார்மெசான் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் கொண்டே உறைய வைக்கப்படுகிறது. ஆகையால் அவர்களுக்குப் பச்சைப் புள்ளி அச்சிட்ட சீஸையே பயன்படுத்த வேண்டும்.

கனமான உணவு என்பதால் பக்கத்தில் வெள்ளரியும் தக்காளியும் நறுக்கி எலுமிச்சை பிழிந்து வைத்தால் போதும். எட்டுப் பேருக்குச் செய்வதானால் பொருள்களை இரட்டிப்பாக்கலாம், ஆனால் கோழியை மூன்று நான்கு தடவையாக வாட்டுங்கள், பாஸ்தாவையும் சாஸையும் இரண்டு வாணலிகளில் பிரித்துக் கலக்குங்கள்.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள், நம் ஊர்க் கோடையில் இன்னும் விரைவாகவே, மூடியுள்ள பாத்திரத்தில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நாளுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மறுநாள் எடுக்கும்போது சாஸ் முழுதும் உறைந்து கட்டியாகத் தெரியும். ஒருவர் பங்குக்கு மூன்று மேசைக்கரண்டி பால் வீதம் ஊற்றி, வாணலியில் மூடிபோட்டுச் சிறு தீயில் வைத்து, இளகியதும் மெதுவாகப் புரட்டி, நடுப்பகுதி வரை ஆவி பறக்கச் சூடாக்குங்கள். எவ்வளவு சாப்பிடப் போகிறீர்களோ அவ்வளவை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள்.